உலகக் கலாச்சார வகுப்பு: புதிதாகத் தொடங்கும் மாணவர்களின் கேள்விகளுக்குப் பதில்

சிறப்புக் கல்வி என் துறை. அறிவுசார் குறைபாடு உள்ள இளைஞர்களுக்கு உலகக் கலாச்சாரங்களைக் கற்பிக்கும் பல்கலைக்கழக மாணவர்களுக்குப் பயிற்சி அளிக்கிறேன். இந்தப் பருவத்தில் தொடங்குபவர்கள் கேட்டவை இவை.

கேள்வி: பத்து வகுப்புகள் கிடைத்திருக்கின்றன. வகுப்புக்கு மூன்று நாடு என்று முப்பது நாடுகளைக் காட்டிவிடலாமா?

வேண்டாம். ஒரு வகுப்புக்கு ஒரு நாடு, அதிலும் ஒரே ஒரு பழக்கம் போதும். அந்த இளைஞர்கள் தினமும் பார்க்கிற, செய்கிற ஒன்றிலிருந்து ஆரம்பியுங்கள்.

எத்தியோப்பியாவின் காபிச் சடங்கை எடுத்துக்கொள்வோம். விருந்தினர் கண்முன்னே பச்சைக் காபிக் கொட்டையை வறுத்து, இடித்து, ஜபனா என்ற மண்பாத்திரத்தில் காய்ச்சி, மூன்று சுற்று பரிமாறுவார்கள். வகுப்பில் ஒரு கிண்ணத்தில் பச்சைக் கொட்டை, இன்னொன்றில் வறுத்தது. தொட்டு, முகர்ந்து பார்க்கட்டும். அப்புறம் ஒருவர் ஊற்ற, மற்றவர் வாங்கிக்கொள்ளட்டும். மூன்று சுற்று இருப்பதால் ஒரே செயலைத் திரும்பத் திரும்பச் செய்ய வாய்ப்பு தானாகவே அமைகிறது. கற்றது மனதில் பதிய அதுதான் வேண்டும். வரைபடத்தைக் கடைசியில் காட்டுங்கள். அடுத்த வகுப்பில் புதிய நாட்டுக்குப் போகும் முன் அதே கொட்டையை மறுபடி முகரக் கொடுங்கள். போன வாரம் நடந்தது நினைவுக்கு வரும்.

ஒன்றை மறக்காதீர்கள். சிலருக்கு விழுங்குவதில் சிரமம் இருக்கும், சிலருக்கு ஒவ்வாமை இருக்கும், சிலர் சாப்பிடும் மருந்துக்குக் காபி ஒத்துவராது. எதையும் குடிக்கவோ சாப்பிடவோ கொடுக்கும் முன் அவரிடமும் அவரைப் பராமரிப்பவரிடமும் கேளுங்கள்.

கேள்வி: ஒருவருக்கு வயது 24. "மன வயது ஏழுதான்" என்றார்கள். கார்ட்டூன், குழந்தைப் பாடல் பயன்படுத்தலாமா?

அந்த "மன வயது" கணக்கைத் தள்ளி வையுங்கள். அது ஏதோ ஒரு சோதனையில் வாங்கிய மதிப்பெண்ணைச் சொல்கிறது. 24 வருடம் வாழ்ந்த மனிதரைப் பற்றி எதுவும் சொல்வதில்லை. வாக்கியம் சின்னதாக இருக்கட்டும், ஒரு வாக்கியத்தில் ஒரே கருத்து இருக்கட்டும். விஷயம் மட்டும் பெரியவர்களுக்கானதாகவே இருக்கட்டும். குரலும் அப்படித்தான்: உங்கள் வகுப்புத் தோழரிடம் பேசும் அதே குரலில் பேசுங்கள்.

மெக்சிகோவில் நவம்பர் 1, 2 தேதிகளில் இறந்தவர்களை நினைவுகூரும் நாள் வருகிறது. வீட்டில் அவர்களுடைய படத்தை வைத்து, ஆரஞ்சு நிறச் செண்டுப்பூக்களாலும் அவர்களுக்குப் பிடித்த உணவாலும் அலங்கரிப்பார்கள். "சாவைப் பற்றிப் பேசினால் கலங்கிவிடுவார்கள்" என்று மாணவர்கள் இதைத் தவிர்க்கிறார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. இந்த இளைஞர்கள் பலர் தாத்தாவையோ தாயையோ இழந்தவர்கள். அதைப் பற்றிப் பேச யாரும் அவர்களுக்கு இடம் கொடுத்ததில்லை. வீட்டாரிடம் முன்கூட்டியே சொல்லிவிட்டு, விருப்பப்பட்டவர்கள் மட்டும் ஒரு படம் கொண்டுவரலாம் என்று அழையுங்கள். யாராவது அழுதால் பக்கத்தில் உட்காருங்கள். உடனே பேச்சை மாற்ற வேண்டாம்.

கேள்வி: "இதெல்லாம் எதற்கு, வேலைக்கு உதவுவதைச் சொல்லிக்கொடுங்கள்" என்கிறார் ஒரு தந்தை.

அவர் கவலை நியாயமானது. ஆனால் வேலைப் பயிற்சி மட்டும் வாழ்க்கையாகிவிடாது. 2006-இல் ஐ.நா. ஏற்றுக்கொண்ட மாற்றுத்திறனாளிகள் உரிமை உடன்படிக்கையின் 24-ஆம் பிரிவு வாழ்நாள் கல்வியையும், 30-ஆம் பிரிவு கலாச்சார வாழ்வில் பங்கேற்பதையும் உரிமையாகவே சொல்கின்றன. அவரை ஒரு வகுப்புக்கு அழைத்து உட்காரவையுங்கள்.

கேள்வி: "புரிந்ததா?" என்று கேட்டால் எல்லோரும் "ஆமாம்" என்கிறார்கள். உண்மையில் புரிந்ததா என்று எப்படித் தெரியும்?

அந்தக் கேள்வியை விட்டுவிடுங்கள். எதிரில் இருப்பவர் மகிழ வேண்டும் என்றோ, தப்பாகிவிடுமோ என்ற பயத்திலோ "ஆமாம்" சொல்லும் பழக்கம் இவர்களில் பலருக்கு உண்டு. இரண்டு படம் வைத்து "ஜப்பானில் எப்படி வணக்கம் சொல்வார்கள்?" என்று கேளுங்கள். செய்து காட்டச் சொன்னால் இன்னும் நல்லது. இன்று வராத நண்பருக்கு, இன்று கற்றவரே அடுத்த வாரம் சொல்லிக்கொடுக்கட்டும். பேசாதவரும் படத்தைத் தொட்டோ, பார்வையாலோ பதில் சொல்வார். கேட்டபின் மனதுக்குள் பத்து எண்ணும்வரை நீங்கள் வாய் திறக்காமல் இருக்க வேண்டும். மாணவர்களுக்கு இதுதான் மிகவும் கடினமாக இருக்கிறது.

கேள்வி: "ஆப்பிரிக்கா வாரம்" நடத்தி முரசு, முகமூடி வைக்கலாமா?

ஆப்பிரிக்காவில் ஐ.நா. உறுப்பு நாடுகள் மட்டும் 54. எந்த நாடு, அங்கே யார், எப்போது வாசிக்கிறார்கள் என்று சொல்ல முடிந்தால் முரசு வரட்டும். கூடவே இன்றைய வாழ்க்கையையும் காட்டுங்கள்: கென்யாவின் தலைநகர் நைரோபியில் மட்டாட்டு என்ற வண்ணமயமான சிற்றுந்துகள் ஓடுகின்றன. தினமும் பேருந்தில் வருபவர் அதை உடனே பிடித்துக்கொள்வார். முரசுச் சத்தம் சிலருக்குத் தாங்காது. முன்பே சொல்லிவிடுங்கள், வெளியே போய் உட்கார இடம் வையுங்கள்.

கேள்வி: புகைப்படம் எடுத்து இணையத்தில் போடலாமா?

பெற்றோர் சம்மதம் மட்டும் போதாது. படத்தை அதில் இருப்பவரிடமே காட்டி, யார் யார் பார்ப்பார்கள் என்று விளக்கிக் கேளுங்கள். தயங்கினால் போடாதீர்கள்.

கேள்வி: பருவம் முடிந்ததும் நாங்கள் போய்விடுவோம். எப்படிச் சொல்வது?

முதல் வகுப்பிலேயே சொல்லுங்கள். சுவரில் ஒரு நாள்காட்டி மாட்டி, கடைசி வகுப்பைக் குறித்து, முடிந்த வகுப்பு ஒவ்வொன்றையும் அவர்களே கோடு போட்டு அடிக்கட்டும். "அடிக்கடி வருவேன்" என்று வாய்வார்த்தைக்குச் சொல்லாதீர்கள், நம்பிக் காத்திருப்பார்கள். உண்மையிலேயே நட்பு தொடர்ந்தால் தேதி சொல்லி, அந்தத் தேதியில் போய் நில்லுங்கள்.