கரப்பானுக்குப் பூசிய களிம்பால் தோல் மெலியுமா?

கேள்வி: என் 4 வயது மகளுக்கு முழங்கால் மடிப்பில் கரப்பான். பழைய சீட்டைக் காட்டி அதே ஸ்டீராய்டு களிம்பை 8 மாதங்களாக வாங்கிப் பூசுகிறேன். இப்போது அங்கே தோல் பளபளத்து, உள்ளிருக்கும் நரம்பு தெரிகிறது. நிறமும் வெளுத்திருக்கிறது. நிறுத்திவிடலாமா?
– வாசகி, மேலூர்

பதில்: நீங்கள் விவரிப்பது தோல் மெலிவாக இருக்கலாம். மடிப்புகளிலும் முகத்திலும் தோல் இயல்பாகவே மெல்லியது என்பதாலும், மதுரை வெயிலில் வியர்வை தேங்கும் மடிப்பு களிம்பை மேலும் உள்ளிழுக்கும் என்பதாலும், வீரியமான ஸ்டீராய்டை அங்கே மாதக்கணக்கில் பூசக் கூடாது. தொடக்கநிலை மெலிவு பெரும்பாலும் சரியாகிவிடும். வரிவரியான தழும்பு விழுந்துவிட்டால் அது மங்குமே தவிர முழுமையாக மறையாது. வெளுப்புக்குக் கரப்பானே காரணமாகவும் இருக்கலாம்.

ஆனால் நீங்களாகவே சட்டென்று நிறுத்த வேண்டாம். கரப்பான் முன்னைவிடக் கடுமையாகக் கிளம்பக்கூடும். களிம்புக் குழாயையும் சீட்டையும் எடுத்துக்கொண்டு, மதுரை அரசு ராஜாஜி மருத்துவமனையின் தோல் பிரிவில் இந்த வாரமே காட்டுங்கள். வீரியம் குறைந்த களிம்புக்கோ, ஸ்டீராய்டு அல்லாத டாக்ரோலிமஸ் களிம்புக்கோ அவர்கள் மாற்றக்கூடும். பெரியவர் ஒருவரின் ஆட்காட்டி விரல் நுனியிலிருந்து முதல் மடிப்பு வரை பிதுக்கிய களிம்பு, சுமார் அரை கிராம், அவருடைய இரண்டு உள்ளங்கை அளவு இடத்துக்குப் போதும். அதற்காகப் பயந்துபோய்ப் பொட்டு வைப்பதுபோல் தொட்டுவைப்பதிலும் பயனில்லை. குளித்த ஈரம் காய்வதற்குள் ஈரப்பதக் களிம்பைத் தாராளமாகத் தடவுங்கள், அதற்குக் கணக்கில்லை.