விழா எடுப்பதற்கு முன்னால் ரேஷன் கடைக்குப் போய்ப் பாருங்கள், தம்பி

கேள்வி: "எங்கள் ஊரில் வெளிமாநிலத் தொழிலாளர்களையும் உள்ளூர் மக்களையும் ஒன்றுசேர்க்க ஒரு சங்கம் தொடங்கலாம் என்று இருக்கிறோம். இந்த மாதிரி அமைப்புகளால் நிஜமாகவே பயன் உண்டா?"

பயன் உண்டு தம்பி. எதில் உண்டு, எதில் இல்லை என்று நான் பட்டுத் தெரிந்துகொண்டவள், அதனால் எழுதுகிறேன். நீங்கள் வள்ளியூர்ப் பக்கமோ தாழையூத்துப் பக்கமோ இருப்பீர்கள். கூட நாலைந்து படித்த பையன்கள் இருப்பார்கள். பொங்கலுக்கு எல்லாரையும் கூட்டி ஒரு விழா வைக்கலாம் என்று பேசிக்கொண்டிருப்பீர்கள். நான் இருந்த சங்கமும் அப்படித்தான் தொடங்கியது.

எனக்குத் திருநெல்வேலி மீனாட்சிபுரத்தில் ஒரு சின்ன மெஸ். 22 வருஷமாக நடத்துகிறேன். 2018-இல் ஜங்ஷன் பஸ் ஸ்டாண்டை இடித்தார்கள். திரும்பக் கட்டித் திறப்பதற்குள் வருஷங்கள் ஓடிவிட்டன. பஸ் வராத இடத்தில் யார் சாப்பிட வருவார்கள்? டீக்கடை, பழக்கடை, லாட்ஜ் என்று எத்தனையோ பேர் சாத்திவிட்டுப் போனார்கள். எங்களைக் கூப்பிட்டு ஒரு வார்த்தை கேட்டவர் கிடையாது, நஷ்டஈடு என்ற பேச்சே கிடையாது. இப்போது நினைத்தாலும் வயிறு எரிகிறது. நீங்கள் கேட்டதற்கும் இதற்கும் என்ன சம்பந்தம் என்று தோன்றும். அந்த நாளில் என் அடுப்பு அணையாமல் இருந்தது பின்தெரு வரிசை வீட்டில் தங்கியிருந்த கட்டட வேலைப் பையன்களால்தான். ஒடிசாக்காரர்கள் ஐந்து பேர், பீகார்க்காரர்கள் மூன்று பேர். மாசக் கணக்கில் ஒரு ரூபாய் பாக்கி வைத்ததில்லை. என்னை மௌசி என்பார்கள், நம் ஊரில் சித்தி மாதிரி. ஒடிசாப் பையன் ஒருத்தன் வந்த புதிதில் என் பழைய சோற்றுப் பானையைப் பார்த்துவிட்டுக் குழந்தை மாதிரி சிரித்தான். அவர்கள் ஊரில் அதற்குப் பகாளா என்று பெயராம். வெங்காயத்தைக் கடித்துக்கொண்டு நம்மைப் போலவேதான் சாப்பிடுகிறார்கள்.

அவர்கள்மேல் எனக்கு இவ்வளவு ஒட்டுதல் ஏன் என்றால், எங்கள் அப்பா கொழும்பில் ஒரு மளிகைக் கடையில் சிப்பந்தியாக இருந்தவர். 14 வயதில் போனார். அங்கே தெருவில் 'கள்ளத்தோணி', அதாவது திருட்டுத்தனமாகப் படகில் வந்தவன், என்று கூப்பிடுவார்களாம். 1964-இல், அங்கே இருந்த நம் ஆட்களில் ஒரு பகுதியை இந்தியாவுக்குத் திருப்பி அனுப்புவது என்று சிறிமாவோ சாஸ்திரி ஒப்பந்தம் வந்தது. அப்புறம் மூன்று வருஷத்தில் ஒரு டிரங்குப் பெட்டியோடு தலைமன்னாரில் கப்பல் ஏறிவிட்டார். எத்தனையோ கதை சொல்லுவார், அந்த ஒரு வார்த்தை வரும்போது மட்டும் குரல் இறங்கிவிடும். இப்போது நம் பையன்கள் 'வடக்கன்' என்று சொல்லும்போது எனக்கு அப்பா குரல்தான் கேட்கிறது.

சரி, சங்கத்துக்கு வருகிறேன். பொங்கல் வைத்தோம், ஹோலிக்கு வண்ணம் பூசினோம், ஞாயிற்றுக்கிழமை தமிழ் வகுப்பு நடத்தினோம். அதைக் குறை சொல்ல மாட்டேன். பையன்கள் பஸ்ஸில் பெயர் படிக்கக் கற்றுக்கொண்டது அந்த வகுப்பில்தான்.

2023 டிசம்பர் 17, 18-இல் தாமிரபரணி ஊருக்குள் வந்தது ஞாபகம் இருக்கும். என் மெஸ்ஸுக்குள் இடுப்பளவு தண்ணீர். நடக்க முடியாத என் அம்மாவை நாற்காலியோடு தூக்கி மாடியில் வைத்தது அந்தப் பையன்கள். அப்புறம் திரும்ப இறங்கி அடுப்பையும் சிலிண்டரையும் எடுத்து வந்தார்கள்.

தண்ணீர் வடிந்ததும் ஒரு கல்யாண மண்டபத்தில் சங்கம் சார்பாகச் சமையல். என்னோடு ஒன்பது வருஷமாக மெஸ்ஸில் வேலை பார்க்கிற பெண், காலனியிலிருந்து வருகிறவள், சங்கத்திலும் உறுப்பினர், அரிசி களைய உட்கார்ந்தாள். கமிட்டியில் பெரியவர் ஒருவர், நான் அண்ணாச்சி என்று கூப்பிடுகிறவர், என்னை ஓரமாக அழைத்தார். "அந்தப் பிள்ளையைப் பாத்திரம் கழுவச் சொல்லும்மா. மண்டபம் நம்ம ஆளுக மண்டபம், நாளைக்குப் பேச்சு வரும்" என்றார். அஞ்சு நிமிஷத்துக்கு முன்னால்தான் ஒரு பீகார்ப் பையன் தோளில் போர்வை போர்த்திப் போட்டோ எடுத்திருந்தார்.

நான் அன்றைக்குப் பேசவில்லை. வாசலில் ஆட்கள் பசியோடு நின்றார்கள், உலை கொதித்துக்கொண்டிருந்தது, இது நேரமில்லை என்று நினைத்தேன். அவள் காதில் விழுந்துவிட்டது. எழுந்து போய்ப் பாத்திரத்தை எடுத்துக்கொண்டாள். இன்றுவரை அதைப் பற்றி என்னிடம் ஒரு வார்த்தை கேட்டதில்லை. கேட்டிருந்தால் கூடப் பரவாயில்லை.

அடுத்த கூட்டத்தில் எழுந்து கேட்டேன். "வெளிமாநிலத்தாருக்காக இருக்கிற சங்கத்தில் இந்தப் பேச்சு எதற்கு?" என்றார்கள். தீர்மானப் புத்தகத்தில் எழுதுங்கள் என்றேன், எழுதவில்லை. அதே வருஷம் ஆகஸ்டில்தான் நாங்குநேரியில் கூடப் படித்த பையன்களே வீடு புகுந்து ஒரு மாணவனையும் அவன் தங்கையையும் வெட்டியிருந்தார்கள். நீதிபதி சந்துரு குழு அதற்கு அப்புறம் போட்டதுதான். பள்ளியில் சாதிக் கயிறு கூடாது என்று 2024 ஜூனில் அறிக்கை கொடுத்தது. கமிட்டியில் இருந்தவர்கள் வீட்டுப் பையன்கள் கையிலேயே கலர் கயிறு இருந்ததை நான் பார்த்திருக்கிறேன். ஆயிரம் மைல் தாண்டி வந்தவனோடு சேர்ந்து பொங்கல் தின்னலாம், அடுத்த தெருப் பெண் அரிசியைத் தொடக்கூடாது. எனக்கு இது ஒத்துவரவில்லை. நாங்கள் ஆறு பேர் வெளியே வந்துவிட்டோம், அவளும் சேர்த்து.

வெள்ள நிவாரணப் பணம் குடும்ப அட்டைக்குத்தான் கிடைத்தது. பையன்களுக்கு நம் மாநில அட்டை ஏது? அப்போதுதான் 'ஒரே நாடு ஒரே ரேஷன்' பற்றி விசாரித்தோம். தமிழ்நாட்டில் 2020 அக்டோபரிலேயே வந்துவிட்டது. சொந்த ஊர் அட்டையில் பெயரும் ஆதாரும் இருந்தால் தன் பங்கு 5 கிலோவை இங்கேயே வாங்கலாம், வீட்டில் இருப்பவர்கள் பங்கை அவர்கள் அங்கே வாங்கிக்கொள்ளலாம். ஒரு பையனைக் கூட்டிக்கொண்டு போனோம். முதல் தடவை கடையில் "அதெல்லாம் இங்க கிடையாது" என்றார்கள். இரண்டாம் தடவை மிஷினில் கைரேகை விழவில்லை. சிமெண்ட் குழைத்துக் குழைத்து விரல் வழுவழுவென்று தேய்ந்திருந்தது. ஒவ்வொரு விரலாக வைத்துப் பார்த்து, மூன்றாம் தடவை இடது கை மோதிர விரல் எடுத்தது. அந்த அரிசிப் பையைத் தூக்கிக்கொண்டு அவன் நடந்து வந்ததைப் பார்க்க வேண்டுமே!

"நம்ம பிள்ளைகளுக்கே வேலை இல்லை, இவர்களுக்கு வக்காலத்தா?" என்று சிலர் வருவார்கள். எனக்கும் வேலை தேடுகிற மகன் இருக்கிறான், எந்தக் கட்சிக்காகவும் பேசவில்லை. காண்டிராக்டர் இவர்களைக் கூட்டி வருவதே கூலி குறைவு என்பதால்தான். ஒரே வேலைக்கு உள்ளூர்க்காரருக்குக் கொடுக்கிற கூலியை இவர்களுக்கும் கொடுக்க வேண்டும் என்று 1979-இலேயே சட்டம் போட்டார்கள். அது நடந்திருந்தால் நம் கொத்தனார்களை யாரும் ஒதுக்கியிருக்க மாட்டார்கள்.

இப்போது எங்களுக்குப் பெயரும் இல்லை, பேனரும் இல்லை. ஒரு நோட்டு இருக்கிறது. யாருக்குக் கூலி பாக்கி, யாருடைய குழந்தையைப் பள்ளியில் சேர்க்க வேண்டும் என்றெல்லாம் அதில் எழுதி வைக்கிறோம். நோட்டு என் மெஸ்ஸில் வேலை பார்க்கிற அந்தப் பெண்ணிடம்தான் இருக்கிறது. உங்களுக்கு ரேஷன் விஷயமாக ஏதாவது தெரிய வேண்டுமானால் கேளுங்கள் தம்பி, காலைக் கூட்டம் ஓய்ந்து 11 மணிக்கு மேல் அவளையும் வைத்துக்கொண்டு எழுதுகிறேன்.