டாட்டன்ஹாமுக்கு தாமஸ் ஃபிராங்க்: ஆர்சனல் ரசிகர்களின் கேள்விகள்

2025 ஜூன் 12 அன்று, ஆர்சனல் ரசிகர்களான நம் பரம எதிரி டாட்டன்ஹாம் கால்பந்து அணி தன் புதிய பயிற்சியாளராக தாமஸ் ஃபிராங்கை அறிவித்தது. ஒப்பந்தம் 2028 வரை. உடனே நம் ஆட்களின் கேள்விகள் குவிந்துவிட்டன. அவர் அதுவரை பயிற்றுவித்த பிரென்ட்ஃபோர்டின் ஆட்டங்களை விடாமல் பார்ப்பவன் என்பதால் பதில் சொல்லும் வேலை என் தலையில் விழுந்தது. அப்போது சொன்ன பதில்கள் இவை.

கேள்வி: இங்கிலாந்து பிரீமியர் லீக்கில் 17ஆம் இடத்தில் முடித்த அணிக்கு 10ஆம் இடத்தில் முடித்தவர் போகிறார். சிரிக்கலாமா அண்ணா?

ஆசை தீரச் சிரியுங்கள். ஆனால் 2021 ஆகஸ்ட் 13 நினைவிருக்கட்டும். 74 ஆண்டுகளுக்குப் பின் முதல் நிலை லீக்குக்கு வந்த பிரென்ட்ஃபோர்ட், முதல் ஆட்டத்திலேயே நம்மை 2-0 என்று வீழ்த்தியது. இரண்டாவது கோலை மறக்க முடியுமா? நீண்ட த்ரோ-இன் நம் பெட்டிக்குள் குத்தி எழுகிறது, எல்லோரும் வேடிக்கை பார்க்க அவர்களுடைய நார்கோர் தலையால் முட்டுகிறார்.

கேள்வி: கோப்பை வாங்கித் தந்த முந்தைய பயிற்சியாளர் போஸ்டகோக்லூவைப் பதினாறே நாளில் அனுப்பியது நியாயமா?

இரண்டாம் ஆண்டில் கோப்பை வெல்வேன் என்றார், ஐரோப்பியக் கிளப்களின் இரண்டாம் நிலைப் போட்டியான யூரோப்பா லீக்கை வென்றார். 2008க்குப் பிறகு அவர்கள் தொட்ட முதல் கோப்பை. மனிதருக்காக வருத்தப்படுகிறேன். ஆனால் லீக்கில் 22 தோல்வி, 38 புள்ளி. நம் குழு அப்படி முடித்திருந்தால் நாமே வாசலில் நின்றிருப்போம்.

கேள்வி: பந்தைத் தூக்கி முன்னால் அடிப்பதுதானே ஃபிராங்கின் ஆட்டம்?

இல்லை. பிடிவாதமான பாணி எதுவும் இல்லாததுதான் அவருடைய பலம். பெரிய அணி வந்தால் பின்வரிசையின் நடுவில் மட்டுமே மூன்று தடுப்பாளர்களை நிறுத்துவார், மற்ற நாளில் பின்வரிசை மொத்தமே நால்வர். கையில் இருக்கும் ஆட்களைப் பார்த்துத் திட்டம் போடுவார். விளிம்பில் ஓடிக்கொண்டிருந்த ஓலி வாட்கின்ஸை நடுமுன்களத்துக்கு மாற்றியவர் அவர்தான். 2019-20 இரண்டாம் நிலை லீக்கில் வாட்கின்ஸ் அடித்தது 25 கோல். பிறகு முன்கள வீரர் ஐவன் டோனி போனார், அணி சரியும் என்றார்கள். அடுத்த பருவத்தில் எம்பூமோ 20 கோல், விஸ்ஸா 19.

கார்னர், ஃப்ரீ கிக் போன்றவற்றில் அவருக்குத் தனி அக்கறை. இவற்றுக்கென்றே நம்மிடம் பயிற்சியாளராக வந்த நிக்கோலா ஜோவரும் பிரென்ட்ஃபோர்டில் அதே வேலை பார்த்தவர்தான். ஆட்டத்தைத் தொடங்கும் கிக்-ஆஃபுக்குக்கூடத் திட்டம் வைத்திருந்தார்கள். 2024இல் மான்செஸ்டர் சிட்டி, டாட்டன்ஹாம், வெஸ்ட் ஹாம் என்று அடுத்தடுத்த மூன்று லீக் ஆட்டங்களிலும் முதல் நிமிடத்திலேயே கோல். அந்த மூன்றில் ஒன்றைக்கூட வெல்லவில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன், உங்கள் தூக்கம் கெட வேண்டாம்.

கேள்வி: நமக்கு எதிராக அவர் கணக்கு?

எட்டு லீக் ஆட்டம்: ஒரு வெற்றி, இரண்டு சமன், ஐந்து தோல்வி. 2023 பிப்ரவரியில் ஆஃப்சைடு கோட்டைச் சரிபார்க்காமல் கொடுத்த டோனியின் கோலைப் பற்றி யாரும் கேட்காதீர்கள், எனக்கு ரத்த அழுத்தம் இருக்கிறது.

கேள்வி: 1998இல் நம் முன்னாள் பயிற்சியாளர் ஜார்ஜ் கிரஹாமே அங்கே போனார் என்று அப்பா புலம்புவார். அது இதைவிட மோசமா?

அதோடு இதை ஒப்பிடவே முடியாது. நமக்கு 1989, 1991 லீக் பட்டங்களை வாங்கித் தந்தவர் அவர். அங்கே போய் 1999இல் லீக் கோப்பையும் வென்றார். அப்படியும் அவர்களுடைய ரசிகர்களுக்கு அவர் பெயரைச் சொல்ல வாய் வரவில்லை. 'மழைக்கோட்டு மனிதர்' என்றே பாடினார்கள். ஃபிராங்குக்கு அந்தச் சுமை இல்லை.

கேள்வி: எத்தனை நாள் தாங்குவார் சார்?

இதுதான் சரியான கேள்வி. 2018 அக்டோபரில் பிரென்ட்ஃபோர்டில் பொறுப்பேற்றதும் முதல் பத்து ஆட்டங்களில் எட்டில் தோற்றார். உரிமையாளர் பென்ஹாம் அசையவில்லை. டாட்டன்ஹாமில் பயிற்சியாளராக இருந்த நூனோ 2021-22 லீக்கின் முதல் மூன்று ஆட்டங்களையும் வென்றார். நவம்பர் 1 அன்று வேலை போயிற்று. அவருக்கு முன் இருந்த மொரீன்யோவை லீக் கோப்பை இறுதிப்போட்டிக்கு ஆறு நாள் முன்னால் நீக்கினார்கள். ஃபிராங்கின் திறமையை நினைத்தால் எனக்குப் பயம்தான். ஆனால் அவர்களுடைய தலைவர் (2025 செப்டம்பர் வரை) டேனியல் லெவியின் பொறுமையின்மை மேல் அசைக்க முடியாத நம்பிக்கை உண்டு. போதாக்குறைக்கு, யூரோப்பா லீக்கை வென்றதால், ஐரோப்பாவின் முதன்மைக் கிளப் போட்டியான சாம்பியன்ஸ் லீக்கும் 2025-26இல் சேர்ந்துகொள்கிறது. ஃபிராங்க் இருந்தவரை பிரென்ட்ஃபோர்ட் ஐரோப்பியப் போட்டி எதிலும் ஆடியதே இல்லை.

கேள்வி: எத்தனையாவது இடம் பிடிப்பார்கள்? ஒரே எண் சொல்லுங்கள்.

எட்டு. பன்னிரண்டு என்று சொல்லத்தான் ஆசை.