பத்து நாளைக்கு ஒரு என்95 மாஸ்க், புதுசு கேட்டால் சம்பளத்தில் பிடித்தம்: நர்ஸ் என்ன செய்யலாம்?

கேள்வி: திருச்சி பக்கம் ஒரு தனியார் மருத்துவமனையில் ஸ்டாஃப் நர்ஸாக இருக்கிறேன். நெஞ்சு நோய் வார்டிலும் ஐ.சி.யூ.விலும் மாறி மாறி டியூட்டி. பத்து நாளைக்கு ஒரு என்95 மாஸ்க் தருகிறார்கள். மார்க்கரில் பேர் எழுதி, டியூட்டி முடிந்ததும் வெயிலில் காயவைத்து மறுபடி போட வேண்டும். நடுவில் வார் அறுந்து புதுசு கேட்டால் சம்பளத்தில் பிடிக்கிறார்கள். போன மாதம் கூட வேலை பார்க்கும் சிஸ்டருக்கு டி.பி. என்று தெரிந்தது. "வெளியில எங்கயாவது ஒட்டியிருக்கும், ராஜினாமா எழுதிக் கொடுத்துட்டு வீட்ல ரெஸ்ட் எடும்மா" என்கிறார் மேட்ரன். நல்ல மாஸ்க் தரும்வரை அந்த வார்டுக்குப் போக மாட்டேன் என்று நான் சொல்லலாமா? பிடித்த பணம் திரும்பக் கிடைக்குமா? அந்தச் சிஸ்டருக்கு ஏதாவது வழி உண்டா?

பதில்: சிஸ்டர், கடைசியாகக் கேட்டதிலிருந்து தொடங்குகிறேன், ஏனென்றால் அதுதான் அவசரம். எந்த ராஜினாமாக் கடிதத்திலும் கையெழுத்துப் போட வேண்டாம் என்று அவரிடம் இன்றைக்கே சொல்லுங்கள். "சொந்தக் காரணங்களுக்காக விலகுகிறேன்" என்று ஒரு வரி எழுதிக் கொடுத்துவிட்டால், பின்னால் எந்த அலுவலகத்துக்குப் போனாலும் அந்தக் காகிதத்தைத்தான் முதலில் எடுத்து நீட்டுவார்கள்.

"வெளியில ஒட்டியிருக்கும்" என்று மேட்ரன் சொல்வது சட்டத்தின் முன் அவ்வளவு சுலபமாக நிற்காது. மருத்துவமனை, ஆய்வகம் போன்ற இடங்களில் தொற்று அபாயத்தோடு வேலை பார்ப்பவருக்கு அந்தத் தொற்று வந்தால் அது தொழில்வழி நோய். 1923-ஆம் வருட இழப்பீட்டுச் சட்டத்தின் மூன்றாம் அட்டவணையிலேயே இது முதல் பகுதியில் இருக்கிறது, அதன் இடத்துக்கு வந்திருக்கும் சமூகப் பாதுகாப்புத் தொகுப்புச் சட்டம் 2020-லும் தொடர்கிறது. நோய் வேலையால் வந்ததில்லை என்று நிரூபிக்கும் பொறுப்பு முதலாளியுடையது, அந்தச் சிஸ்டருடையது இல்லை. இத்தனை மாதம் சர்வீஸ் இருக்க வேண்டும் என்ற நிபந்தனையும் இந்த முதல் பகுதி நோய்களுக்குக் கிடையாது. அவர் காட்ட வேண்டியதெல்லாம், அந்த வார்டில் வேலை பார்த்தார், அங்கே டி.பி. நோயாளிகள் இருந்தார்கள், தனக்கு நோய் வந்தது என்பதைத்தான். டியூட்டி ரோஸ்டர் நகல், சளிப் பரிசோதனை ரிப்போர்ட், வேலையில் சேரும்போது எடுத்த மார்பு எக்ஸ்ரே கையில் இருந்தால் அதுவும், இவற்றைப் பத்திரப்படுத்தச் சொல்லுங்கள். நோயாளிகளின் கேஸ் ஷீட்டை மட்டும் போட்டோ எடுக்க வேண்டாம், அது அவர் மேலேயே திரும்பும்.

அடுத்து அவருடைய சம்பளச் சீட்டைப் பாருங்கள். இ.எஸ்.ஐ. பிடித்தம் இருந்தால் வழி இ.எஸ்.ஐ. மூலமாக. தொழில்வழி நோய் என்று ஏற்கப்பட்டால், வேலைக்குப் போக முடியாத காலம் முழுக்க சம்பளத்தில் ஏறக்குறைய 90 சதவீதம் கிடைக்கும். அப்படி ஏற்பது இழுத்துக்கொண்டே போனாலும், டி.பி. நீண்டகால நோய்ப் பட்டியலில் இருப்பதால், சர்வீஸ் நிபந்தனைகள் சரியாக இருந்தால் 80 சதவீதம் வரை தனியாகக் கேட்கலாம். இந்தப் பலனை வாங்கிக்கொண்டிருக்கும் காலத்தில் அவரை வேலையை விட்டு நீக்கக் கூடாது. இ.எஸ்.ஐ. இல்லையென்றால், அல்லது சம்பளம் 21,000 ரூபாய் வரம்பைத் தாண்டி அதற்குள் வரவில்லையென்றால், இழப்பீட்டையும் சிகிச்சைச் செலவையும் மருத்துவமனையே கொடுக்க வேண்டும். அதற்கான மனு தொழிலாளர் துணை ஆணையர் அலுவலகத்தில், இரண்டு வருடத்துக்குள். அப்புறம், சிகிச்சை எங்கே எடுத்தாலும் அரசின் டி.பி. நோயாளிகள் இணையப் பதிவேடான நிக்ஷயில் பதிவு நடந்திருக்கிறதா என்று கேட்கச் சொல்லுங்கள், மாதம் 1,000 ரூபாய் ஊட்டச்சத்து உதவி அதன் வழியாகத்தான் வருகிறது.

சரி, உங்கள் விஷயம். மாஸ்க்குக்குச் சம்பளத்தில் பிடிப்பது தப்பு. பணிப் பாதுகாப்பு, சுகாதாரத் தொகுப்புச் சட்டம் 2020, பிரிவு 6-ன்படி பாதுகாப்புக்காகச் செய்யும் எதற்கும் ஊழியரிடம் காசு வாங்கக் கூடாது. ஊதியத் தொகுப்புச் சட்டத்தின் பிரிவு 18, எதற்கெல்லாம் பிடிக்கலாம் என்று பட்டியல் போட்டிருக்கிறது, அதில் மாஸ்க் இல்லை. 2025 நவம்பர் 21 முதல் இவை நடைமுறையில் இருக்கின்றன, அதற்கு முந்தைய பிடித்தத்துக்கு ஊதியம் வழங்கல் சட்டம் 1936 இருந்தது, அதிலும் இதற்கு இடமில்லை. புதிய சட்டப்படி 3 வருடத்துக்குள் கேட்கலாம், பிடித்த தொகையைப் போல பத்து மடங்கு வரை நஷ்டஈடு போடவும் அதிகாரிக்கு உரிமை உண்டு. ஆகவே பிடித்தம் தெரியும் சம்பளச் சீட்டுகள் ஒன்றையும் தூக்கிப் போடாதீர்கள்.

வார்டுக்குப் போக மாட்டேன் என்று சொல்லலாமா? நேராக அப்படிச் சொல்லிவிட்டு வீட்டில் உட்கார வேண்டாம். டியூட்டியை நடுவில் போட்டுவிட்டு வந்தால் நோயாளியைக் கைவிட்டதாக நர்சிங் கவுன்சில் வரை கொண்டுபோக அவர்களுக்கு ஒரு காரணம் கிடைக்கும். மேலே சொன்ன பணிப் பாதுகாப்புத் தொகுப்புச் சட்டத்தின் பிரிவு 14 உங்களுக்கு வேறு உரிமை தருகிறது: உடல்நலத்துக்கு உடனடி ஆபத்து என்று நியாயமான பயம் இருந்தால் முதலாளிக்கும், அதே சமயத்தில் அந்தச் சட்டத்தின் கீழுள்ள அரசு ஆய்வாளருக்கும் தெரிவிக்கலாம். முதலாளி உடனே சரிசெய்ய வேண்டும், அவருக்கு உடன்பாடு இல்லையென்றால் விஷயத்தை ஆய்வாளரிடம் அனுப்ப வேண்டும். இதெல்லாம் எழுத்தில் நடந்தால்தான் பலன். வார்டு வராண்டாவில் நின்று மேட்ரனிடம் நூறு தடவை சொன்னதற்கு நாளைக்கு சாட்சி கிடையாது.

அந்தக் கடிதத்தில் "நல்ல மாஸ்க் வேண்டும்" என்று மட்டும் எழுதினால் நாலு பெட்டி இறக்கிவிட்டு முடித்துவிடுவார்கள், அதிலும் காதில் மாட்டும் ரகமாக, எந்தத் தரக் குறியும் இல்லாததாக இருக்கும். கேட்பதைத் திட்டமாகக் கேளுங்கள். ஒன்று, தரம்: ஐ.எஸ். 9473 என்ற இந்தியத் தரநிலையில் எஃப்.எஃப்.பி.2 ரகம், அல்லது நியோஷ் என்ற அமெரிக்கத் தொழில் சுகாதார அமைப்பின் அங்கீகாரம் அச்சிட்ட என்95. சர்ஜிக்கல் மாஸ்க் நோயாளி போட வேண்டியது, அவர் இருமும் துளிகளைத் தடுக்க. காற்றில் மிதக்கும் கிருமியை நீங்கள் சுவாசிக்காமல் இருக்க அது போதாது, இதைப் புரிந்துகொள்ளாமல் இரண்டையும் ஒன்றாகக் கணக்குப் பார்க்கும் நிர்வாகம் நிறைய.

அடுத்தது ஃபிட் டெஸ்ட். இதைப் பற்றித்தான் நம் ஊரில் யாரும் வாய் திறப்பதில்லை. என்95 என்பது முகத்தோடு ஒட்டி உட்கார்ந்தால்தான் என்95. விளிம்பில் இடைவெளி இருந்தால் காற்று வடிகட்டியை விட்டுவிட்டு அந்தச் சந்து வழியாகவே உள்ளே போகும். இந்தச் சோதனையில் மாஸ்க் போட்ட உங்கள் தலையில் ஒரு உறையை மாட்டி, சாக்கரின் கரைசலையோ கசப்புக் கரைசலையோ உள்ளே தெளித்து, தலையைத் திருப்பி, குனிந்து, பேசச் சொல்வார்கள். நாக்கில் ருசி தெரிந்தால் அந்த மாஸ்க் உங்கள் முகத்துக்கு ஆகாது, வேறு அளவு பார்க்க வேண்டும். அமெரிக்காவில் இது வருடத்துக்கு ஒரு தடவை கட்டாயம், செலவு முதலாளியுடையது. இங்கே அப்படித் தனி விதியைக் காட்ட முடியாவிட்டாலும், ஆபத்தில்லாத பணியிடம் தர வேண்டும் என்ற பிரிவு 6-ன் கீழ் தாராளமாகக் கேட்கலாம். தாடி வைத்த ஆண் நர்ஸ்களுக்கும் அட்டெண்டர்களுக்கும் இந்த மாஸ்க் ஒட்டாது என்பதையும் எழுதுங்கள்.

மூன்றாவது, எப்போது மாற்றுவது. நனைந்தால், ரத்தமோ சளியோ தெறித்தால், வார் தளர்ந்தால், மூச்சு விடச் சிரமமானால் அந்த நிமிடமே புதுசு. திரும்பத் திரும்பப் போட்டது 2020-ல் உலகம் முழுக்கத் தட்டுப்பாடு இருந்தபோது வேறு வழியில்லாமல் செய்தது, அதையே நிரந்தர ஸ்டோர் கொள்கையாக்க முடியாது. வெயில் தளர்ந்த வாரை இறுக்காது. சானிடைசர் அடித்தால் வடிகட்டி இழையில் இருக்கும் மின்னூட்டமே போய்விடும். நீங்களும் ஒவ்வொரு தடவை போடும்போது மூக்குக் கம்பியை இரண்டு கை விரலாலும் அழுத்தி, வேகமாக மூச்சு விட்டு, ஓரத்தில் காற்று கசிகிறதா என்று பாருங்கள்.

கடிதத்தை நிர்வாக இயக்குநர் பெயருக்கும் தொற்றுத் தடுப்புக் குழுவுக்கும் எழுதி, முடிந்தால் நாலைந்து பேர் கையெழுத்தோடு கொடுத்து நகலில் சீல் வாங்குங்கள். வாங்க மறுத்தால் பதிவுத் தபால், கூடவே மின்னஞ்சல். ஒரு நகல் மாவட்டத் தொழிலாளர் துறைக்கு. இன்னொன்றை மாசு கட்டுப்பாட்டு வாரியத்தின் மாவட்ட அலுவலகத்துக்கு அனுப்புங்கள், ஏன் என்று கேட்பீர்கள். மருத்துவக் கழிவு மேலாண்மை விதிகள் 2016-ன் விதி 4, ஊழியர்களுக்குப் போதுமான பாதுகாப்பு உபகரணமும் வருடம் ஒரு உடல் பரிசோதனையும் தரச் சொல்கிறது, அந்த விதிகளின் கீழ் மருத்துவமனைக்கு அனுமதி கொடுப்பது அந்த வாரியம்தான். அங்கிருந்து ஒரு நோட்டீஸ் வந்தால் நிர்வாகம் உடனே அசையும்.

ஒரு எச்சரிக்கை. கோபத்தில் வீடியோ எடுத்துப் போட வேண்டாம். 2020-ல் ஆந்திராவின் நர்சிபட்டினம் அரசு மருத்துவமனையில் மயக்க மருந்து டாக்டர் சுதாகர், என்95 தரவில்லை என்று வெளிப்படையாகப் பேசியதும் சஸ்பெண்ட் செய்யப்பட்டார். அவர் கேட்டது நியாயம், ஆனாலும் அவர் பட்ட பாடு கொஞ்சமில்லை. உங்கள் பெயரில் சீல் விழுந்த கடிதம் முதலில் இருக்கட்டும். அதற்கப்புறம் வார்டு மாற்றினாலோ மெமோ கொடுத்தாலோ, அது பழிவாங்கல் என்று தேதியை வைத்தே வாதாடலாம். மெமோ வந்தால் தனியாகப் பதில் எழுதாதீர்கள், எடுத்துக்கொண்டு ஒரு வக்கீலிடமோ மாவட்ட சட்டப்பணிகள் ஆணைக்குழுவுக்கோ போங்கள். பெண்களுக்கு அங்கே வருமானம் பார்க்காமல் இலவசமாக வக்கீல் தருவார்கள்.