வாசகர் கேள்வி – பதில்: பழைய கேம்பர் வேனும் முடியாத செலவும்

உள்ளேயே படுத்துச் சமைத்துப் பயணம் செய்ய உதவும் பழைய கேம்பர் வேன்களைப் புதுப்பிப்பது பற்றி முன்பு எழுதியதைத் தொடர்ந்து வந்த கடிதங்களில் பெரும்பாலானவை, 'ஏன் இவ்வளவு செலவாகிறது?' என்ற ஒரே கேள்வியையே வெவ்வேறு வடிவங்களில் கேட்கின்றன. அவற்றுள் சிலவற்றுக்கு இங்கே பதில் அளிக்கிறேன்.

கேள்வி: நாற்பது ஆண்டுப் பழமையான ஒரு கேம்பர் வேனை வாங்கினேன். அப்போது கதவுக்குக் கீழும் சக்கர வளைவிலும் சில துருக் கொப்புளங்கள் மட்டுமே தெரிந்தன. டிங்கரிங் வேலைக்கு முதலில் சொல்லப்பட்ட தொகை, தகட்டை வெட்டத் தொடங்கியபின் மூன்று மடங்காகிவிட்டது. நான் ஏமாற்றப்பட்டேனா?

பதில்: பெரும்பாலும் இல்லை. வெளியே தெரிந்ததை மட்டும் பார்த்து ஒருவர் மதிப்புச் சொன்னார். நீங்களும் அதை நம்பினீர்கள். தவறு என்று சொல்வதானால் அது இருவருடையதும்தான்.

பெயிண்டில் எழும் கொப்புளத்தைத் துருவின் தொடக்கம் என்று எண்ணுகிறோம். உண்மையில் அது கடைசிக் கட்டம். கதவுக்குக் கீழே நீளவாட்டில் ஓடும் பெட்டி போன்ற பகுதிக்குள் நீர் வடிவதற்கென்று சிறு துளைகள் விடப்பட்டிருக்கும். அவை சேற்றால் அடைபட்டதும் ஈரம் உள்ளேயே தங்கி, தகட்டை உட்புறத்திலிருந்து அரிக்கத் தொடங்குகிறது. இரும்பு துருவாக மாறும்போது முன்பிருந்ததைப்போலப் பல மடங்கு இடத்தை அடைத்துக்கொள்வதால், புள்ளிப் புள்ளியாக வெல்டிங் செய்யப்பட்ட இரண்டு தகடுகளையும் அதுவே நெம்பிப் பிரித்து, அந்த இடுக்கில் மேலும் நீர் புக வழி செய்கிறது. வெளித் தகட்டில் நாணய அளவு ஓட்டை விழும்போது, உள்ளே முழங்கை நீளத்துக்கு ஒன்றும் மிஞ்சியிருக்காது.

தனியாகச் சேஸிஸ் (அடிச்சட்டம்) இல்லாத வேன்களில் இந்தப் பகுதிதான் வண்டியின் எடையைத் தாங்குகிறது. இரு பக்கமும் ஒரே நேரத்தில் வெட்டினால் உடல் நடுவில் தொய்ந்து, பின்னர் கதவு மூடாது. எனவே கதவு இருக்கும் இடைவெளியில் இரும்புக் குழாயைக் குறுக்கே தற்காலிகமாக வெல்டிங் செய்து நிறுத்திவிட்டு, ஒரு பக்கத்தை முடித்த பிறகே மறுபக்கத்தைத் தொட வேண்டும். தகட்டின் கனமோ ஏறக்குறைய 1 மில்லிமீட்டர்தான். தொடர்ச்சியாக வெல்டிங் செய்தால் சூட்டில் நெளிந்துவிடும் என்பதால், ஒரு புள்ளி இங்கே, அடுத்த புள்ளி தள்ளி அங்கே என்று ஆறவிட்டு ஆறவிட்டுச் செய்கிறார்கள். மாற்றுத் தகட்டின் விலை பெரிதாக இருக்காது; அதைப் பொருத்தும் நேரத்துக்கான கூலிதான் பெரிது. சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம் என்ற கதைதான்.

என் சொந்த வேனில் ஓட்டுநர் ஏறும் படிக்கு அடியில் ஸ்க்ரூடிரைவரால் லேசாகக் குத்திப் பார்த்தேன். கைப்பிடி வரை உள்ளே போயிற்று. பிரித்தபோது, ஒன்றன்மேல் ஒன்றாக ரிவெட் அடிக்கப்பட்ட மூன்று ஒட்டுத் தகடுகள் இருந்தன. இடையிலெல்லாம் பட்டி அப்பியிருந்தது. எனக்கு முன் அந்த வண்டியை வைத்திருந்தவர்கள் ஒவ்வொருவரும் பழுதைச் சரிசெய்யாமல் மூடிவைத்துவிட்டு விற்றிருக்கிறார்கள். அவர்கள் தள்ளிப்போட்ட செலவையெல்லாம் கடைசியாக வாங்கிய நான் சேர்த்துக் கட்டினேன்.

இனிமேலாவது முழு வேலைக்கும் ஒரே தொகை கேட்காதீர்கள். பிரித்து, சுரண்டி, நல்ல தகடு எங்கே தொடங்குகிறது என்று காட்டுவதற்கு மட்டும் முதலில் கூலி கொடுங்கள்; அதன்பிறகு சொல்லப்படும் தொகைதான் ஓரளவு நம்பத்தக்கது. வேலை முடிந்து பெயிண்ட் காய்ந்ததும் பெட்டிப் பகுதிகளுக்குள் மெழுகுக் கலவையைப் பீய்ச்சி அடிக்கச் சொல்லுங்கள். நீர் வடியும் துளைகளை 'ஓட்டை' என்று நினைத்து யாரும் அடைத்துவிடாமல் பக்கத்தில் நின்று பார்த்துக்கொள்ளுங்கள். இதைச் செய்யும் ஆட்களை நான் பார்த்திருக்கிறேன்.

கேள்வி: மரவேலையையும் மெத்தையையும் முதலில் முடித்துவிட்டால் ஊக்கம் வரும் என்கிறார் என் கணவர். இன்ஜினையும் பிரேக்கையும் பார்த்துவிட்டுத்தான் மற்றவை என்கிறேன் நான். யார் சொல்வது சரி?

பதில்: நீங்கள் சொல்வதே சரி, ஆனால் உங்கள் பட்டியலிலும் ஒன்று விடுபட்டிருக்கிறது. வெல்டிங் முடிவதற்கு முன் ஒட்டுப்பலகையோ வெப்பத்தடுப்புப் பஞ்சோ உள்ளே போகக் கூடாது. தகட்டின் மறுபக்கத்தில் தீப்பொறி எங்கே விழுகிறது என்பது வெல்டிங் செய்பவருக்குத் தெரியாது. அழகாகச் செய்து முடித்த அலமாரியைத் தகட்டு வேலைக்காக மீண்டும் கழற்றியவர்களின் கடிதங்கள் மட்டும் என்னிடம் ஒரு கட்டு இருக்கிறது.

பிரேக் விஷயத்தில், மிதித்தால் நிற்கிறது என்பது போதாது. பழைய ரப்பர் ஹோஸ் உட்புறமாக வீங்கியிருந்தால், மிதிக்கும் அழுத்தத்தில் பிரேக் ஆயில் சக்கரத்துக்குப் போய்விடும். காலை எடுத்தபின் திரும்பி வராது. சக்கரம் பிடித்தபடியே ஓடிச் சூடாகும். பிரேக் ஆயில் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சக்கூடியது என்பதால், வண்டி ஓடாமல் நின்றிருந்தாலும் 2 ஆண்டுகளுக்கு ஒருமுறை மாற்ற வேண்டும். பழைய பிரேக் லைனிங்கில் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கக்கூடும். அந்தத் தூசியைக் கம்ப்ரசர் காற்றால் ஊதாமல், ஈரத் துணியால் துடைத்தெடுக்கச் சொல்லுங்கள்.

டயரின் பக்கவாட்டில் நான்கு இலக்க எண் ஒன்று இருக்கும். 2309 என்று இருந்தால் அது 2009ஆம் ஆண்டின் 23ஆவது வாரத்தில் செய்யப்பட்ட டயர். பட்டன் தேயாமல் புதிதுபோல் பளபளத்தாலும் 10 ஆண்டுகளைத் தாண்டிய டயரை நான் வைத்துக்கொள்ள மாட்டேன். நின்ற இடத்திலேயே நிற்கும் வேன்களில் டயர் தேய்ந்து சாவதில்லை, வயதாகிச் சாகிறது.

பெட்ரோல் செல்லும் ரப்பர் குழாய்களையும் கணக்கில் சேருங்கள். எத்தனால் கலந்த பெட்ரோல் பழைய ரப்பரில் வெடிப்பு விழச் செய்கிறது. இன்ஜின் பின்னால் இருக்கும் பழைய ஃபோக்ஸ்வாகன் வேன்களில் இது வெறும் கசிவோடு நிற்காது. அவற்றுள் பலவற்றில் இன்ஜினின் வெளிக்கூடு மக்னீசியக் கலவையால் ஆனது என்பதால், தீப் பிடித்தால் அணைப்பது மிகக் கடினம். ஒரு மாலைப் பொழுதில் மாற்றிவிடக்கூடிய இந்தக் குழாய்களைத் தள்ளிப்போட்டுவிட்டுத் திரைச்சீலைக்கு நிறம் தேடுபவர்களைப் பார்த்தால் எனக்குக் கோபமே வருகிறது.

கேள்வி: தண்ணீர் மோட்டாரைப் போட்டால் உள்விளக்குகள் மங்குகின்றன. புது பேட்டரி மாற்றியும் பயனில்லை. அதைவிடப் பெரிய பேட்டரி வாங்க வேண்டுமா?

பதில்: வாங்காதீர்கள். நானும் இப்படித்தான் இரண்டு பேட்டரிகளுக்குப் பணத்தைக் கொட்டினேன். பிறகு பார்த்தால், பேட்டரியின் நெகட்டிவை வண்டியின் உடலோடு இணைக்கும் எர்த் ஒயர் முடுக்கப்பட்டிருந்த போல்ட்டுக்கு அடியில் புதிதாக அடித்த பெயிண்ட் இருந்தது. பெயிண்ட் மின்சாரத்தைக் கடத்தாது; மரையின் ஓரத்தில் கிடைத்த சிறு தொடுதலில்தான் மொத்த மின்னோட்டமும் போய்க்கொண்டிருந்தது.

12 வோல்ட் ஒயரிங்கில் சிறு தடையும் பெரிதாகத் தெரியும். இணைப்பில் 0.1 ஓம் தடை இருந்து 10 ஆம்பியர் ஓடினால், அங்கேயே 1 வோல்ட் தொலைந்துவிடும். மோட்டார் ஓடிக்கொண்டிருக்கும்போதே வோல்ட் அளக்கும் மல்டிமீட்டரின் ஒரு முனையைப் பேட்டரியின் நெகட்டிவிலும் மறுமுனையை மோட்டாரின் நெகட்டிவிலும் வையுங்கள். ஏறக்குறைய அரை வோல்ட்டோ அதற்கு மேலோ காட்டினால் குற்றவாளி எர்த்தான்; போல்ட்டைக் கழற்றி, தகடு மின்னும்வரை தேய்த்து, மீண்டும் முடுக்கி, மேலே கிரீஸ் பூசுங்கள். அது சரியாக இருந்தால், இதே சோதனையைப் பாசிட்டிவ் பக்கத்தில் செய்யுங்கள்.

எந்த ஒயராக இருந்தாலும் ஃபியூஸ் பேட்டரிக்கு மிக அருகில் இருக்க வேண்டும். மறுமுனையில் வைத்தால் இடையிலுள்ள ஒயருக்குப் பாதுகாப்பு இல்லை. சாதாரண ஈய-அமில பேட்டரியைப் பாதிக்குக் கீழே இறங்கவிடாமல் பயன்படுத்தினால், அடுத்ததற்குப் பணம் தேட வேண்டிய நாளும் தள்ளிப்போகும்.

கேள்வி: எந்த வேனை வாங்கினால் உதிரிபாகத்துக்கு அலைய வேண்டியிருக்காது? செலவழித்த பணத்தை விற்கும்போது எடுத்துவிடலாமா?

பதில்: இரண்டாவது கேள்விக்கு விடை, எடுக்க முடியாது என்பதே. ஒரு சில அரிய வண்டிகளை விட்டுவிட்டால், பிறருக்குக் கூலி கொடுத்துச் சரிசெய்த வேன், செலவழித்த தொகைக்கு விலைபோவதில்லை. வாங்கும் விலையை மொத்தச் செலவில் சிறு பகுதியாகவே எண்ணிக்கொள்ளுங்கள்.

உதிரிபாகத்தைப் பொறுத்தவரை, எத்தனை வண்டிகள் செய்யப்பட்டன, எவ்வளவு காலம் செய்யப்பட்டன என்பதே கணக்கு. ஃபோக்ஸ்வாகன் டைப் 2 வேனின் உற்பத்தி 1950இல் ஜெர்மனியில் தொடங்கியது. அதன் பிற்காலத் தலைமுறை ஒன்று பிரேசிலில் 2013 வரை தயாரிக்கப்பட்டது. விரும்பிச் சேகரிப்பவர்கள் உலகெங்கும் இருப்பதால், அதற்குப் பிறர் செய்யும் மாற்றுத் தகடுகள்கூட இன்றும் புதிதாகக் கிடைக்கின்றன. 1969இல் வந்து 1980களிலேயே நின்றுபோன பெட்ஃபோர்ட் சி.எஃப். போன்ற வேன்களை மலிவாக வாங்கிவிடலாம். ஆனால் முன்கண்ணாடியைச் சுற்றியிருக்கும் ஒரே ஒரு ரப்பருக்காக மாதக்கணக்கில் வண்டியை நிறுத்திவைக்க நேரிடும். இன்ஜின் பாகம் எப்படியாவது அகப்பட்டுவிடும். அகப்படாதவை ரப்பர், கண்ணாடி, கைப்பிடி, தாழ்ப்பாள் போன்ற சில்லறைப் பொருள்கள். வண்டியைப் பார்க்கப் போகும்போது இவையெல்லாம் முழுதாக இருக்கின்றனவா என்று எண்ணிப் பாருங்கள். ஓடாத இன்ஜினைப் பற்றி அவ்வளவாகக் கவலைப்பட வேண்டாம்.

கேள்வி: ஷெட்டில் விட்ட வண்டி இரண்டு ஆண்டுகளாக அங்கேயே நிற்கிறது. கேட்கும்போதெல்லாம் 'அடுத்த வாரம்' என்கிறார்கள். முழுத் தொகையையும் முன்பே கொடுத்துவிட்டேன்.

பதில்: கடைசி வாக்கியத்திலேயே காரணம் இருக்கிறது. அவசர வேலையோடு வருபவர் அன்றே பணம் தருவார். உங்கள் பணமோ ஏற்கெனவே செலவாகிவிட்டது. நேரில் சென்று, முடிந்தது எது, முடியாதது எது என்று அவர்களுடன் சேர்ந்தே ஒரு தாளில் எழுதி, தேதியிட்டுக் கையெழுத்து வாங்குங்கள். கழற்றிவைத்த பாகங்கள் அனைத்தையும் படம் எடுங்கள். பாகங்கள் பெயரெழுதிய பைகளில் இல்லாமல் ஒரே டப்பாவில் கிடந்தால், வண்டியை வெளியே எடுப்பதைப் பற்றி அன்றே முடிவு செய்யுங்கள். கழற்றியவரே மறந்துபோன வண்டியை மறுபடியும் பூட்டுவதற்கு யாரும் முன்வர மாட்டார்கள்.

கேள்வி: வேனுக்குள் எரிவாயு அடுப்பு வைக்கலாமா?

பதில்: வைக்கலாம், அதற்கென்று பயிற்சி பெற்றவர் பொருத்த வேண்டும். எரிவாயு காற்றைவிடக் கனமானது என்பதால் கசிந்தால் தரையில் தேங்கும். சிலிண்டர் பெட்டியின் அடியில் வெளியே திறக்கும் துளை கட்டாயம் இருக்க வேண்டும். சிலிண்டரில் வரும் வாயுக்களில் பியூட்டேன் 0 டிகிரியை ஒட்டிய குளிரிலேயே ஆவியாக மறுக்கும். புரோப்பேனுக்கு அந்தத் தொல்லை இல்லை. கார்பன் மோனாக்சைடு எச்சரிக்கைக் கருவி இல்லாமல் உள்ளே படுக்காதீர்கள்.

கேள்வி: அப்பா நான்கு ஆண்டுகளாக ஒரு பழைய கேம்பர் வேனோடு மல்லுக்கட்டுகிறார். ஓய்வுக்காலப் பணம் கரைகிறது. விற்றுவிடுங்கள் என்று எப்படிச் சொல்வது, அம்மா?

பதில்: சொல்வதற்கு முன் ஒருநாள் அவருடன் வண்டிக்கு அடியில் படுத்துப் பாருங்கள், மகளே. 'இன்னும் என்ன பாக்கி?' என்று கேட்டு, அவர் சொல்லச் சொல்ல எழுதுங்கள். பிறகு அந்தப் பட்டியலில், வண்டி பத்திரமாக ஓடுவதற்குத் தேவையானவற்றுக்கு மட்டும் அடியில் கோடிடச் சொல்லுங்கள். கோடிட்டவை பெரும்பாலும் முடிந்திருக்கும். கோடிடாதவற்றைத்தான் அவர் மூன்றாவது முறையாகத் திருத்திக்கொண்டிருப்பார். அப்படியானால் விற்கச் சொல்ல வேண்டாம். புதிதாக எதையும் வாங்குவதை மட்டும் நிறுத்திவையுங்கள் என்று சொல்லுங்கள்.

கோடிட்ட வரிகளிலேயே பாதி பாக்கியிருந்து, தகட்டு வேலையும் முடியாமல் இருந்தால், விற்பதைப் பற்றிப் பேசலாம். அப்போதும் பிரித்துப் போட்ட நிலையில் விற்காதீர்கள், அடிமாட்டு விலைக்குத்தான் கேட்பார்கள். சக்கரங்களையும் கதவுகளையும் மீண்டும் மாட்டி, தள்ளினால் நகரும் நிலைக்காவது கொண்டுவந்துவிடுங்கள்.

ஓடும் நிலையில் இருந்தால், பெயிண்ட் அடிக்காமலேயே ஓர் இரவு அருகில் எங்காவது கொண்டுபோய் அதிலேயே தங்கச் செய்யுங்கள். மழை பெய்யும் இரவாக இருந்தால் இன்னும் நல்லது. கூரையின் எந்த மூட்டு ஒழுகுகிறது என்று அப்போதே தெரிந்துவிடும். ஒரு டார்ச்சும் சுண்ணக்கட்டியும் கொண்டுபோகச் சொல்லுங்கள். ஈரம் காணும் இடத்தைச் சுற்றி உடனே கோடு போட்டுக்கொள்ளட்டும்.