புனிதர்கள், நவநாள், நேர்ச்சை: மறைக்கல்வி ஆசிரியர் பதில்கள்

அரியாங்குப்பம் வாசகி: ஆரோக்கிய மாதாவை நாம் ஆராதிக்கிறோமா, ஐயா?

இல்லை அம்மா. ஆராதனை கடவுளுக்கு மட்டுமே. 787-இல் திருச்சபையின் ஆயர்கள் கூடிய இரண்டாம் நிசேயா பொதுச்சங்கமே இதைத் தெளிவாக்கிவிட்டது. மன்றாட்டு மாலையைக் கவனியுங்கள். கடவுளிடம் ‘எங்கள்மேல் இரக்கமாயிரும்’ என்கிறோம். மாதாவிடமும் புனிதரிடமும் ‘எங்களுக்காக வேண்டிக்கொள்ளும்’ என்கிறோம்.

மஞ்சக்குப்பம் வாசகர்: நான் பெந்தெகோஸ்தே சபை. இயேசு ஒருவரே மத்தியஸ்தர் என்கிறதே 1 தீமோத்தேயு 2:5?

அந்த அதிகாரத்தை முதல் வசனத்திலிருந்து படியுங்கள், சகோதரரே. எல்லாருக்காகவும் மன்றாடச் சொல்லித்தான் பவுல் தொடங்குகிறார். நோயாளிக்காக உங்கள் பாஸ்டர் ஜெபிப்பது கிறிஸ்துவின் இடத்தைப் பறிப்பதா? புனிதர்களின் பரிந்துரையும் அவர் வழியாகவே செல்கிறது.

அவரே: பாஸ்டர் உயிரோடிருக்கிறார். புனிதர்கள் மரித்தவர்கள்.

கடவுள் வாழ்வோரின் கடவுள் (மாற்கு 12:27). எப்போதோ மரித்த மோசே, மலைமேல் இயேசுவுடன் உரையாடினாரே!

மறுபடியும் அவரே: சீடர்கள் மோசேயிடம் வேண்டவில்லையே?

நியாயமான கேள்வி. வேண்டியதாக எழுதப்படவில்லை. ஆனால் விண்ணகத்தில் மூப்பர்கள் இறைமக்களின் வேண்டுதல்களாகிய தூபம் நிறைந்த கிண்ணங்களை ஏந்தி நிற்பதைத் திருவெளிப்பாடு 5:8 காட்டுகிறது. உரோமையில், புனித செபஸ்தியார் நிலத்தடிக் கல்லறைச் சுவரில் ‘பவுலே, பேதுருவே, விக்தருக்காக வேண்டிக்கொள்ளுங்கள்’ என்று யாரோ கீறியிருக்கிறார்கள். மூன்றாம் நூற்றாண்டு எழுத்து அது. கிறிஸ்தவராயிருப்பதே உயிருக்கு ஆபத்தான காலம். மேலிருந்து திணித்த வழக்கத்தை யாரும் அப்படிச் சுவரில் கீறி வைக்கமாட்டார்கள்.

நெல்லித்தோப்பு வாசகி: அந்தோணியார் செபத்தை ஒன்பது பேருக்கு அனுப்பாவிட்டால் தீங்கு வருமாமே?

வராது. அனுப்பாதீர்கள். புனிதர் வணக்கத்தில் மூடநம்பிக்கை கூடாதென்று 1563-இலேயே திரிதெந்து பொதுச்சங்கம் கட்டளையிட்டது. அந்தோணியார் யாரையும் மிரட்டுவதில்லை.

கடலூர் முதுநகர் வாசகர்: நவநாளில் ஒரு நாள் தவறினால்?

விட்ட இடத்திலிருந்து தொடருங்கள். நவநாள் என்பது ஒன்பது நாள் தொடர் செபம். இயேசுவின் விண்ணேற்றத்துக்குப் பின் மாதாவும் சீடர்களும் தூய ஆவிக்காகச் செபித்துக் காத்திருந்த நாள்களை ஒட்டியது அந்த ஒன்பது. எண்ணிக்கையில் மந்திரம் இல்லை.

விருத்தாசலம் வாசகர்: தேவசகாயம் 2022-இல்தான் புனிதரானாரா?

இல்லை. 1752-இல் ஆரல்வாய்மொழியில் விசுவாசத்துக்காகச் சுடப்பட்டு இறந்தவர் அவர். விண்ணகத்தில் இருக்கிறார் என்பதைத் திருச்சபை 2022 மே 15 அன்று உலகுக்கு அறிவித்தது, அவ்வளவே.

வில்லியனூர் வாசகர்: லூர்து மாதாவை ஆராதிக்கலாமா?

முதல் பதிலைப் படியுங்கள்.

கடலூர் வாசகி: மகனுக்கு வேலை கிடைக்க எந்தப் புனிதர்? நேர்ச்சை என்ன?

தொழிலாளரின் பாதுகாவலர் சூசையப்பர். நேர்ச்சை பற்றி உங்கள் பங்குத்தந்தையிடம் கேளுங்கள். பதினோரு பேருக்கு அனுப்பச் சொல்லி சூசையப்பர் செபம் வந்தால், அதையும் அழித்துவிடுங்கள்.