போன கிறிஸ்துமஸின் தவணை இன்னும் முடியவில்லை

கேள்வி: நானும் கணவரும் வேலைக்குப் போகிறோம். பத்து வயதிலும் ஆறு வயதிலும் இரண்டு பிள்ளைகள். மற்ற மாதங்களில் சிக்கனமாகத்தான் இருக்கிறோம். கிறிஸ்துமஸ் வந்தால் மட்டும் கை மீறிவிடுகிறது. கணவரின் அண்ணன் குடும்பம் எங்களைவிட வசதியானது. எங்கள் பிள்ளைகளுக்கு அவர்கள் நிறைய வாங்கித் தருவார்கள். அதற்கு ஈடாக நாங்களும் செய்யாவிட்டால் மாமியார் வீட்டில் தலை நிமிர முடியாது. மூன்று வருடமாக கிரெடிட் கார்டில் வாங்கி, ஜனவரியில் அதை 12 மாதத் தவணையாக மாற்றிக் கட்டி வருகிறோம். ஒரு தவணைகூடத் தவறியதில்லை. போன வருடக் கடனின் கடைசித் தவணை வரும் டிசம்பரில் முடிகிறது. இந்த வருடம் கொஞ்சத்தைக் கார்டிலும், மீதியை வட்டியே இல்லாத ‘இப்போது வாங்கு, பிறகு கட்டு’ ஆப்பிலும் வாங்கலாம் என்கிறார் கணவர். செய்யலாமா? போன நவம்பர், டிசம்பர் கார்டு ஸ்டேட்மென்ட்டை இணைத்திருக்கிறேன்.

பதில்: பட்ஜெட் போடுங்கள், பட்டியல் எழுதிக்கொண்டு கடைக்குப் போங்கள் என்றெல்லாம் உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. மூன்று வருடம் ஒரு தவணைகூடத் தவறாமல் கட்டியவருக்கு ஒழுங்கு இல்லை என்று யாரும் சொல்ல முடியாது. சிக்கலே அங்கேதான் இருக்கிறது. தவணை தவறாததால், இது கெட்ட பழக்கம் என்றே உங்களுக்குத் தோன்றவில்லை.

உங்கள் இருவரின் ஒரு மாதச் சம்பளத்தைச் சேர்த்து 100 என்று வைத்துக்கொள்வோம். எந்த ஊர்ப் பணமானாலும் கணக்கு ஒன்றுதான். நீங்கள் எழுதியிருப்பதை இந்த அளவுக்கு மாற்றினால், மூன்று வருடத்துக்கு முன் கார்டில் போட்டது 70. அடுத்த வருடம் 110. போன வருடம் 150. இது போக, டிசம்பரில் வரும் போனஸ் 50. அதுவும் பயணத்துக்கும் விருந்துக்கும் போய்விட்டது. ஆக, போன கிறிஸ்துமஸுக்கு உங்கள் வீட்டுச் செலவு 200, அதாவது இரண்டு மாதச் சம்பளம்.

அந்த 150-ஐ வருடத்துக்கு 18 சதவீத வட்டியில் தவணையாக்கியிருக்கிறீர்கள். தொடக்கத்தில் பாக்கி 150, கடைசி மாதத்தில் 13.5 பக்கம். வருடம் முழுக்கச் சராசரியாகப் பார்த்தால் 83 பக்கம் வரும். அதற்கு 18 சதவீதம் 15. திருப்பிக் கட்டுவது மொத்தம் 165, மாதத்துக்கு 13.75. நடைமுறைக் கட்டணம் என்று தனியாகப் பிடித்ததை நான் சேர்க்கவில்லை.

இப்போது இதைக் கொஞ்சம் திருப்பிப் பாருங்கள். ஜனவரி முதல் டிசம்பர் வரை மாதம் 13.75 எடுத்து வைக்கும் சக்தி உங்களுக்கு இருக்கிறது. வைத்துக்கொண்டும் இருக்கிறீர்கள். அதே தொகையைக் கடனுக்குக் கட்டாமல் வங்கியில் போட்டிருந்தால், டிசம்பரில் கையில் 165 இருந்திருக்கும். 150-க்கு வாங்கிவிட்டு 15-ஐ மிச்சமும் பிடித்திருக்கலாம். நீங்கள் சேமிக்காதவர் இல்லை. பண்டிகைக்கு முன்னால் சேர்க்க வேண்டியதைப் பண்டிகைக்குப் பின்னால் சேர்க்கிறீர்கள், அவ்வளவுதான். அந்த முன்பின் மாறியதற்கான கூலிதான் வட்டி. மூன்று வருடத்துக்கும் சேர்த்துக் கிட்டத்தட்ட 33. உங்கள் போனஸில் மூன்றில் இரண்டு பங்கு.

பன்னிரண்டு மாதத் தவணையில் இன்னொரு வலை உண்டு. அது சரியாக அடுத்த டிசம்பரில்தான் முடியும். கடன் தீர்ந்த அன்றே கார்டில் பாக்கி இல்லை, பண்டிகையும் வந்து நிற்கிறது. உடனே அடுத்ததைத் தொடங்கிவிடலாம். ஆறு மாதத் தவணை போட்டிருந்தால் மாதாமாதம் மூச்சு முட்டியிருக்கும், அடுத்த முறை யோசித்திருப்பீர்கள். பன்னிரண்டு மாதம் வலிக்காது. வலிக்காததால்தான் 70 என்பது 150 ஆனது.

சரி, கணவர் சொல்லும் ஆப்புக்கு வருவோம். வட்டி இல்லை என்பது பெரும்பாலும் உண்மைதான், நாள் தவறாமல் கட்டினால். ஆனால் இவற்றில் பரவலாக உள்ள முறை என்ன? தொகையை நான்காகப் பிரித்து, முதல் பங்கை வாங்கும்போதே எடுத்துக்கொண்டு, மீதியை இரண்டு வாரத்துக்கு ஒன்றாகப் பிடிப்பது. டிசம்பர் நடுவில் 60-க்கு வாங்குகிறீர்கள் என்று வையுங்கள். அப்போதே 15 போய்விடும், மாதக் கடைசியில் இன்னொரு 15. ஜனவரியில் இரண்டு பங்கு, அதாவது 30. கார்டில் 120 போட்டால் அதன் தவணை 11. ஆக, ஜனவரிச் சம்பளத்தில் 41 கைக்கு வருவதற்கு முன்பே காலி. மாதம் 13.75 கட்டிப் பழகிய வீடு இதை எப்படித் தாங்கும்? அந்த மாதம் மளிகையும் கார்டில்தான் ஓடும். வட்டியில்லாக் கடனை அடைக்க வட்டிக் கடன் வாங்குவது இப்படித்தான் ஆரம்பிக்கும். இந்த ஆப்களுக்கு ஏன் இத்தனை கைதட்டல் என்று எனக்கு இன்னும் விளங்கவில்லை. கடைக்காரரிடம் கமிஷன் வாங்கிக்கொண்டு இதை அவர்கள் நடத்துவதே, கையில் காசாக இருந்தால் வாங்காததையும் நீங்கள் வாங்குவீர்கள் என்ற நம்பிக்கையில்தான். வேண்டாம்.

ஸ்டேட்மென்ட்டைப் பென்சிலோடு உட்கார்ந்து பார்த்தேன். 150-இல் உங்கள் பிள்ளைகளுக்கு 30. துணிமணிக்கு 33. திரைச்சீலை, சோபா உறை, விளக்குச் சரம் என்று வீட்டுக்கு 25. கணவரின் அண்ணன் குடும்பத்துக்கு 62. உங்கள் சொந்தப் பிள்ளைகளுக்குச் செய்ததைப் போல் இரண்டு மடங்கு. அதிலும் டிசம்பர் 24-ஆம் தேதியில் ஒரே பொம்மைக் கடையில் மூன்று பில். ஓரகத்தி போனில் பேசும்போது, என்னென்ன வாங்கியிருக்கிறார்கள் என்பது வாய் தவறி வந்துவிட்டது, அதனால் திரும்பவும் கடைக்கு ஓடினோம் என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். அந்த மூன்றாவது பில் மட்டும் 9. உங்கள் வீட்டின் மூன்று நாள் சம்பளம், ஒரு போன் பேச்சுக்கு!

1993-இல் ஜோயல் வால்ட்ஃபோகல் என்ற அமெரிக்கப் பொருளாதாரப் பேராசிரியர், தன் மாணவர்களிடம் ஒரு கேள்வி கேட்டார். கிறிஸ்துமஸுக்கு வந்த பரிசுகளை, அன்பைக் கழித்துவிட்டுப் பார்த்தால், நீங்களே காசு கொடுத்து எவ்வளவுக்கு வாங்கியிருப்பீர்கள்? வந்த பதில்களின்படி, கொடுத்த விலையில் பத்தில் ஒரு பங்கிலிருந்து மூன்றில் ஒரு பங்கு வரை வீண். நண்பர்கள் கொடுத்ததில் வீண் குறைவு. சித்தப்பா, பெரியப்பா, அத்தை என்ற வட்டத்திலிருந்து வந்ததில் அதிகம். அன்பைக் கழித்துக் கணக்குப் போடுவது பொருளாதாரக்காரர்களுக்கே உரிய கிறுக்கு என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆனாலும் உங்கள் 62-க்கு இது அப்படியே பொருந்துகிறது. பெரியப்பா வீட்டுப் பிள்ளைகளுக்கு என்ன பிடிக்கும் என்று தெரிந்து நீங்கள் வாங்கவில்லை. அந்தப் பக்கம் எவ்வளவு வந்தது என்று பார்த்து வாங்கினீர்கள்.

செய்ய வேண்டியது ஒன்றே ஒன்று. இந்த ஒரு கிறிஸ்துமஸைக் கடன் இல்லாமல் கடந்துவிடுங்கள். கையில் இருப்பது போனஸ் 50. பயணத்துக்கு 20, அதில் கை வைக்க முடியாது. விருந்துக்குப் போன வருடம் 30 ஆனது, இந்த முறை 15. உங்கள் பிள்ளைகளுக்கு 8, அண்ணன் பிள்ளைகள் இருவருக்கும் சேர்த்து 7. பெரியவர்களுக்குள் எதுவும் வேண்டாம். திரைச்சீலைகள் போன வருடம் வாங்கியவை, துவைத்து மாட்டினால் போதும். உங்களுக்கும் கணவருக்கும் புதுத் துணி இந்த வருடம் இல்லை. கசக்கத்தான் செய்யும். 200 செலவழித்த வீட்டில் 50 என்பது சின்னக் குறைப்பு இல்லை. போனஸ் மூன்றாவது வாரம்தான் வரும் என்றால், அதற்கு அப்புறம் கடைக்குப் போங்கள்.

இதைத் தாண்டிவிட்டால் ஜனவரியில் தவணை கிடையாது. அந்த 13.75-ஐ, தவணை பிடிக்கும் அதே தேதியில், வங்கியில் ஒரு தொடர் வைப்புக் கணக்குக்குத் தானாகப் போகும்படி எழுதிக் கொடுத்துவிடுங்கள். அடுத்த டிசம்பரில் 165-ம் சிறிது வட்டியும், அதோடு போனஸ் 50-ம். அத்தனையையும் செலவழிக்க வேண்டும் என்பதில்லை. நான் உங்கள் இடத்தில் இருந்தால் 100-இல் பண்டிகையை முடித்துவிட்டு மீதியை அவசரத்துக்கென்று வைப்பேன். அது உங்கள் இஷ்டம்.

பன்னிரண்டு மாதத்தில் எடுக்கப்போகும் பணத்தைப் பங்குச் சந்தை ஃபண்டில் போடலாமா என்று அடுத்த கடிதம் எழுதாதீர்கள். ‘பண்டிகை இலக்கு’ என்று படம் போட்டு விற்கிறார்கள்தான். நவம்பரில் சந்தை சரிந்தால் கிறிஸ்துமஸ் தள்ளிப்போகாது.

கடைகளும் பரிசுப் பொட்டலக் கம்பெனிகளும் நடத்தும் மாதச் சேமிப்புத் திட்டங்களும் வேண்டாம். பிரிட்டனில் ஃபேர்பேக் என்ற கம்பெனி கிறிஸ்துமஸுக்கென்று மக்களிடம் வருடம் முழுக்கச் சிறுகச் சிறுகப் பணம் வாங்கி, 2006 அக்டோபரில் கவிழ்ந்தது. பண்டிகைக்கு இரண்டரை மாதம் இருக்கும்போது, ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டோரின் சேமிப்பு முடங்கியது. அது வங்கி இல்லை, எனவே வங்கி வைப்புக்கு உள்ள காப்பும் அந்தப் பணத்துக்கு இல்லை. பல வருடம் கழித்துக் கிடைத்ததும் ஒரு பகுதிதான். இதற்கு நேர்மாறான உதாரணமும் உண்டு. 1909-இல் அமெரிக்காவின் பென்சில்வேனியாவில் கார்லைல் என்ற ஊரில், கார்லைல் டிரஸ்ட் கம்பெனி என்ற நிதி நிறுவனம் கிறிஸ்துமஸ் சேமிப்புக் கணக்கு ஒன்றைத் தொடங்கியது. சிறு தொகையாகக் கட்டிக்கொண்டே வரலாம், டிசம்பர் தொடக்கத்தில் மொத்தமாகக் கைக்கு வரும். அப்புறம் இது அமெரிக்கா முழுக்கப் பரவியது. அந்தக் கணக்குகளில் வட்டி பெரிதாக ஒன்றும் இருந்ததில்லை. இடையில் எடுக்க விடாமல் பூட்டி வைத்ததுதான் அதன் பலன். உங்களுக்கும் அந்தப் பூட்டு போதும்.

கடைசியாக, ஓரகத்தி. அவர் கெட்டவர் என்று உங்கள் கடிதத்தில் எங்கேயும் இல்லை. அவருக்கு உங்கள் கடன் தெரியாது, அவ்வளவுதான். அவர் அடுத்த பரிசை வாங்குவதும் நீங்கள் போன வருடம் கொடுத்ததைப் பார்த்துத்தானோ என்னவோ. இதைப் பேச வேண்டியவர் நீங்கள் இல்லை, உங்கள் கணவர். அண்ணனிடம் தம்பி பேசினால் அது குடும்பப் பேச்சு. நீங்கள் பேசினால் மருமகள்கள் சண்டையாகிவிடும். நீட்டி முழக்க வேண்டாம். “இந்த வருஷம் பிள்ளைகளுக்கு ஆளுக்கு ஒண்ணு, நமக்குள்ள ஒண்ணும் வேண்டாம்ணா. போன வருஷக் கடனையே இப்பத்தான் கட்டி முடிக்கிறோம்” என்றால் போதும். கடன் என்ற சொல்லை முழுங்காமல் சொல்லச் சொல்லுங்கள். அது இல்லாவிட்டால், தம்பி சும்மா சொல்கிறான் என்று அண்ணன் இன்னும் பெரிய பெட்டியோடு வந்து நிற்பார்.

அந்தப் போனை அக்டோபருக்குள் போட்டுவிடட்டும். உங்கள் ஸ்டேட்மென்ட்டில் முதல் பரிசு பில் நவம்பர் 14-இல் இருக்கிறது. ஓரகத்தி அதற்கும் முன்னாலேயே வாங்க ஆரம்பித்திருப்பார்.